மலிவு பிஸ்டல் பத்தி நீங்க போட்டதுல பாதிதான் இருந்துச்சு

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்புல, அமெரிக்காவுல கைக்கு வாகான, விலையும் அதிகமில்லாத ஒரு செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலை வச்சிருக்கிறவங்க அதைப் பத்தி என்ன சொல்றாங்கன்னு ஒரு துணுக்கு போட்டிருந்தீங்க. மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட்ல மார்க்கெட் பக்கத்து ஒட்டுக்கடையில அன்னிக்கு காலைல தே தாரிக் ஆறிப்போற அளவுக்கு அதே பேச்சுதான். பெரியவங்க ரெண்டு பேரு தமிழ் பேப்பர்ல இதெல்லாம் எதுக்குன்னு கோவப்பட்டாங்க, பக்கத்து மேசையில உட்கார்ந்திருந்த மூணு பசங்க அந்தப் பக்கத்தை போன்ல படம் புடிச்சு யாருக்கோ அனுப்பிக்கிட்டு இருந்தாங்க, அதுல ஒருத்தன் "அங்க ஒரு போன் வாங்குற காசுக்கு பிஸ்டலே வாங்கிடலாம் போல இருக்குடா"ன்னு சொன்னான். அவன் சொன்ன விதம்தான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வச்சுது.

எனக்கு உங்க மேல கோவம் இல்ல ஐயா. நீங்க போட்டது தப்பும் இல்ல. ஆனா அதுல பாதிதான் இருந்துச்சு, மீதிப் பாதி எனக்குத் தெரியும், ஏன்னா அந்த மாதிரி பிஸ்டல் ஒன்ன நான் கையில புடிச்சு சுட்டிருக்கேன், சாப்பாட்டு மேசையில துணியை விரிச்சு கழட்டி மாட்டியும் இருக்கேன்.

நான் செம்பனை ஆலையில மெஷின் கழட்டி மாட்டுற பிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். என் தங்கச்சி மகன் டெக்சாஸ்ல இருக்கான், அங்கயே பிரஜா உரிமையும் வாங்கிட்டான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நானும் என் வீட்டுக்காரியும் போய் அவங்க வீட்ல ரெண்டு மாசம் இருந்தோம். அவன் சனிக்கிழமையானா சுட்டுப் பழகுற ரேஞ்சுக்குப் போவான், "வாங்க மாமா"ன்னு கூப்டான், ஆனா முதல் தடவை என்னை எதையும் தொட விடல. விசாவுல வந்து போறவங்க துப்பாக்கியை கையில எடுக்கவே கூடாதுன்னு அந்த நாட்டு சட்டம் இருக்காம், வேட்டை லைசன்ஸ் வச்சிருக்கிறவங்களுக்கு மட்டும் விலக்கு இருக்காம். அதனால முதல்ல எனக்கு ஒரு சின்ன வேட்டை லைசன்ஸ் எடுத்துக் கொடுத்து அதுக்கப்புறம்தான் அடுத்த வாரம் கையில கொடுத்தான். இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, அங்க கடையில அரிசி பருப்பு மாதிரி கிடைக்குதுன்னு நம்ம பசங்க நினைக்கிறாங்க, ஆனா அந்த ஊர்லயே என் தங்கச்சி மகன் பேப்பரை சரி பண்ணாம எனக்கு கொடுக்கல.

அவன்கிட்ட இருந்தது ரூகர் கம்பெனியோட மார்க் டூ, பாயிண்ட் 22ன்ற சின்ன தோட்டா போடுறது, ரெண்டாங்கை சாமான். செமி ஆட்டோமேட்டிக்னா என்னன்னு ஒட்டுக்கடையில பாதிப் பேருக்குத் தெரியல, படத்துல வர்ற மாதிரி படபடன்னு கொட்டும்னு நினைக்கிறாங்க. அப்படி இல்ல, விசையை ஒருதடவை இழுத்தா ஒரே ஒரு குண்டு, விரலை விட்டு மறுபடி இழுத்தாதான் அடுத்தது, தானா நடக்கிறது எதுன்னா சுட்ட தோட்டாவோட கூட்டை வெளிய தள்ளிட்டு அடுத்த தோட்டாவை ஏத்துற வேலை மட்டும்தான்.

கைக்கு வாகா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்களே அது பொய் இல்ல. ஒரு கிலோவுக்கு கொஞ்சம் மேல கனம், கைப்பிடி சாய்வா இருக்கு, விரலை நீட்டி ஒருத்தரைக் காட்டினா மணிக்கட்டு எப்படி இருக்குமோ அப்படியே அது போய் உட்காருது. சுட்டா உதைப்பு இல்லன்னே சொல்லலாம். எங்க தோட்டத்துல காட்டுப்பன்னி சின்ன செம்பனைக் கன்னோட குருத்தைத் தோண்டித் தின்னுட்டுப் போவும், அதுக்கு லைசன்ஸ் வச்சிருந்த ஒருத்தர் செனாபாங் பாத்தான்ற மடிக்கிற வேட்டைத் துப்பாக்கியோட ராத்திரி காவல் போவாரு, சின்ன வயசுல நான் அவருக்கு டார்ச் லைட் புடிக்கிற ஆளு, மறுநாள் காலைல சட்டையைக் கழட்டினா அவரு தோள்பட்டை கருநீலமா கன்னிப் போயிருக்கும். துப்பாக்கின்னா அதுதான்னு மனசுல பதிஞ்சு போனவனுக்கு இது பெரிய ஆச்சரியமா இருந்துச்சு. பத்து கெஜ தூரத்துல பேப்பர் மேல பத்து குண்டு, என் உள்ளங்கைக்குள்ள எட்டு விழுந்துச்சு, ரெண்டு வெளிய.

விலை ஏன் கம்மின்னு கேட்டா அதுக்குத்தான் ஒரு பிட்டர் பதில் சொல்லணும். மத்த பிஸ்டல் நிறையத்துல மேல்பாகம் முழுசா பின்னாடி போய் முன்னாடி வரும். இதுல மேல இருக்கிறது அசையாத ஒரு உருண்டைக் குழாய், குண்டு வெளிய போற பேரல் அதுலயே இறுக்கியிருக்கு, உள்ள ஒரு போல்ட் மட்டும் பம்புக்குள்ள பிஸ்டன் ஓடுற மாதிரி ஓடுது. குறி பார்க்கிற முள்ளு ரெண்டும் அசையாத பாகத்து மேல இருக்கிறதால ஒவ்வொரு குண்டுக்கும் இடம் மாறாது, விலை கம்மியா இருந்தாலும் குறி தப்பாததுக்கு அதுதான் காரணம். கைப்பிடி சட்டம் இருக்கே, அது இரும்பைக் கடைஞ்சு எடுத்தது இல்ல, தகட்டை அச்சுல அழுத்தி ரெண்டு பாதியா எடுத்து நடுவுல வெல்டிங் வச்சது. நான் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்த வெல்டிங் கோட்டைத் தேடித் தேடிப் பார்த்தேன், அவ்வளவு நல்லா தேய்ச்சு மறைச்சிருந்தான். மெஷின் வேலையைக் கம்மி பண்ணு, ஆனா துல்லியம் வேண்டிய இடத்துல கை வைக்காதன்னு யோசிச்சு செஞ்ச சாமான் அது, எங்க ஆலையில புதுசா வர்ற பசங்களுக்கு நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தது இதைத்தான்.

இந்த வகையோட முதல் மாடலைச் செஞ்சது 1949ல. பில் ரூகர்னு ஒருத்தர், அலெக்சாண்டர் ஸ்டர்ம்னு பணம் போட்ட கூட்டாளி, கனெக்டிகட் மாநிலத்துல சவுத்போர்ட்ன்ற ஊர்ல ஒரு வாடகைக் கொட்டகை, 50,000 டாலர் முதலீடு, இவ்வளவுதான் ஆரம்பம். அப்ப கோல்ட் கம்பெனியோட வுட்ஸ்மேன் பிஸ்டல் விலை கூட, இவங்க 37.50 டாலருக்கு விளம்பரம் போட்டாங்க, ஜனங்க பத்திரிகையைப் பார்த்து பணம் அனுப்பி வாங்கினாங்க. ரெண்டு வருஷத்துல, 1951ல, ஸ்டர்ம் இளவயசுலயே செத்துட்டாரு, அதுவரைக்கும் கைப்பிடியில சிவப்பா இருந்த கழுகுச் சின்னத்தை அவருக்காக கறுப்பா மாத்திட்டாங்க. என் தங்கச்சி மகனோட வேலை பார்க்கிறவர் ஒருத்தர் தன் தாத்தா வாங்கின சிவப்புக் கழுகு பிஸ்டலை எனக்குக் காட்டினாரு, துணியில சுத்தி வச்சிருக்காரு, சுடுறது இல்ல.

அவரு சொன்ன இன்னொரு விஷயத்தைக் கேட்டுட்டு அன்னிக்கு ராத்திரி எனக்கு சரியா தூக்கம் வரல. ரெண்டாம் உலகச் சண்டை முடிஞ்சு வந்த சிப்பாய் ஒருத்தர்கிட்ட ரூகர் 'நம்பு'ன்னு பேரு வச்ச ஒரு ஜப்பான் பிஸ்டலை வாங்கி, தன் பட்டறையில வச்சு அதே மாதிரி செஞ்சு பார்த்தாராம், குழாய்க்குள்ள போல்ட் ஓடுற அமைப்பும் பின்பக்க உருவமும் அதுலருந்து வந்ததாம். நம்பு பிஸ்டல்ன்றது அமெரிக்காக்காரங்களுக்கு ஒரு பழைய சாமான். ஜப்பான்காரன் ஆபீசர் இடுப்புல தோல் உறையில தொங்கினதைப் பத்தி என் பாட்டி சொல்லிக் கேட்டவன் நான். ஜப்பான்காரன் காலத்துல என் தாத்தாவை சயாம் ரயில் பாதை போட லோரியில ஏத்திக்கிட்டுப் போன அன்னிக்கு பாட்டி நிமிர்ந்து யாரோட மூஞ்சியையும் பார்க்கல, கண்ணு முழுக்க அந்த உறை மேலதான் இருந்துச்சாம். தாத்தா திரும்பி வரல.

அப்புறம் 1948. எங்க ஊர் பேரு சரித்திரத்துல வந்தது ஜூன் 16ஆம் தேதி, எல்பில் தோட்டத்துலயும் பின் சூன் தோட்டத்துலயும் மூணு வெள்ளைக்கார தோட்டத்துரைங்களை கம்யூனிஸ்ட்காரங்க சுட்டுக் கொன்னாங்க, அவங்களை அடக்கணும்னு வெள்ளைக்கார அரசாங்கத்தோட அவசரகாலம் வந்துடுச்சு. துரைங்க இடுப்புல பிஸ்டல் ஏறுச்சு, தோட்டத்துக்கு ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வந்தாங்க, கம்பி வேலி வந்துச்சு. அமெரிக்காவுல அந்த 37.50 டாலர் பிஸ்டல் விளம்பரத்துல வந்தது 1949, அதே 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு ஜெயில்ல தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியைத் தூக்குல போட்டாங்க. கைத்துப்பாக்கியும் தோட்டாவும் வச்சிருந்தாருன்னுதான் குற்றச்சாட்டு. இந்தியாவுல நேரு அரசாங்கம் கேட்டும் விடல. தஞ்சாவூர்ப் பக்கத்துலருந்து வந்து இங்க தோட்டத் தொழிலாளிங்களுக்காக நின்ன மனுஷன். எங்க அப்பா வீட்டுக்குள்ள துப்பாக்கின்ற வார்த்தையையே சொல்ல விடமாட்டாரு, தீபாவளிக்கு பொட்டுத் துப்பாக்கி கேட்டு அழுதப்ப கூட வாங்கித் தரல, ஏன்னு அப்ப எனக்குப் புரியல.

ஒரே வருஷம், ஒரே மாதிரி சாமான், ஒரு நாட்டுல தபால் விளம்பரம் இன்னொரு நாட்டுல தூக்குமேடை. ஒட்டுக்கடையில அந்தப் பையன் "போன் காசு"ன்னு சொன்னப்ப எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு.

சரி, வச்சிருக்கிறவங்க என்ன சொல்றாங்கன்றதுக்கு வர்றேன், உங்க துணுக்கும் அதைப் பத்திதானே. நான் ரேஞ்சுல பார்த்தவங்க யாரும் இதை சண்டைக்கு வச்சிருக்கிறதா சொல்லல. கீல்வாதம் வந்து விரல் மடங்கிப் போன ஒரு ரிட்டையர்ட் டீச்சரம்மா, பெரிய பிஸ்டலோட மேல்பாகத்தை இழுக்க முடியல, இதோட போல்ட்டை ரெண்டு விரலால இழுத்துடலாம்னு சொன்னாங்க. மகளுக்கு சொல்லிக்கொடுக்க வந்த ஒரு அப்பா, முதல்லயே பெரிய சத்தமும் உதைப்பும் இருந்தா பிள்ளை சுடுறதுக்கு முன்னாடியே கண்ணை மூடிக்கும், அந்தப் பழக்கம் வந்துட்டா போகாதுன்னு சொன்னாரு. தோட்டா விலை கம்மி, அதனால நிறைய சுட்டுப் பழகலாம், அதான் அவங்க பேசுற மலிவு. பிஸ்டல் விலையை விட தோட்டா விலையைத்தான் ஜாஸ்தி பேசினாங்க.

குறையும் சொன்னாங்க. பெட்டி பெட்டியா வர்ற மலிவு தோட்டாவுல அழுக்கும் மெழுகும் ஜாஸ்தி, துடைக்காம விட்டா மாட்டிக்கும். பாயிண்ட் 22 தோட்டாவுக்கு தீயைப் பத்த வைக்கிற மருந்து விளிம்புலதான் இருக்கு, சில சமயம் ஊசி அடிச்சும் வெடிக்காது, அப்ப குழலை முன்னாடியே நீட்டி வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் காத்திருக்கணும், திருப்பிப் பார்க்கவே கூடாது. மேகசின்ல பத்து தோட்டா போட பக்கத்துல இருக்கிற பித்தானைக் கட்டை விரலால கீழ இழுத்துப் புடிக்கணும், அஞ்சாறு தடவை ஆனா விரல் நோவும். 2004ல மார்க் திரீ வந்துச்சு, 2016ல மார்க் போர் வந்துச்சு, அந்த புதுசுல பாதுகாப்பு பூட்டு பாதியில நிக்கும்போது விசையை இழுத்தா அப்புறம் வெடிச்சிடலாம்னு 2017ல கம்பெனியே அறிவிச்சு திரும்ப வாங்கி சரி பண்ணிக் கொடுத்தாங்க. அதை எல்லாருமே மறக்காம சொன்னாங்க, நல்லா இருக்குன்னு சொல்றவங்களே அதையும் சேர்த்து சொன்னதுதான் எனக்குப் புடிச்சுது.

ஆனா பெரிய புலம்பல் ஒன்னு இருக்கு, பழைய மாடல்ல கழட்டிட்டா மாட்டுறது கஷ்டம். என் தங்கச்சி மகன் வாங்கின நாள்லருந்து கழட்டவே இல்லையாம், முன்பக்கத்துலருந்து குச்சியில துணி விட்டு துடைச்சு துடைச்சு ஓட்டியிருக்கான். கொடுறா நான் பார்க்கிறேன்னு மேசையில துணியை விரிச்சேன். முதல்ல மேகசினை எடுத்துட்டு, போல்ட்டை இழுத்து உள்ள காலியா இருக்கான்னு கண்ணால பார்த்து, அப்புறம் சுண்டு விரலை விட்டும் பார்த்து, அவனையும் பார்க்கச் சொல்லி, தோட்டாப் பெட்டியை வேற ரூம்ல வச்சுட்டுத்தான் ஆரம்பிச்சோம். கழட்டுறதுக்கு அஞ்சு நிமிஷம். கைப்பிடியோட பின்பக்கத்துல ஒரு தாழ்ப்பாள், அதைத் தூக்கி இழுத்தா ஸ்பிரிங் இருக்கிற பாகம் வெளிய வரும், அப்புறம் குழாய் முன்னாடி நழுவும், போல்ட் பின்னாடி வரும். உள்ள இருந்த கரியைப் பார்த்து அவனே வெக்கப்பட்டான். மாட்டும்போதுதான் வேடிக்கை, ஊசியை அடிக்கிற சுத்தியலுக்குப் பின்னாடி ஒரு சின்னக் குச்சி மாதிரி தொங்குது, அது ஸ்பிரிங் மேல இருக்கிற குழிக்குள்ள சரியா போய் உட்காரணும், இல்லேன்னா தாழ்ப்பாள் மூடாது, மூடினாலும் போல்ட் முழுசா பின்னாடி வராது. நாலு தடவை வரல. அஞ்சாவது தடவை பிஸ்டலைச் சாய்ச்சு, அந்தக் குச்சி தன் கனத்துலயே எந்தப் பக்கம் விழுதுன்னு காதை வச்சுக் கேட்டேன், டிக்குனு ஒரு சின்ன சத்தம், அப்புறம் தாழ்ப்பாள் வெண்ணெய் மாதிரி மூடிடுச்சு. என் வீட்டுக்காரி அடுப்படியிலருந்து எட்டிப் பார்த்து "ஆலையை விட்டு வந்தும் விட மாட்டீங்களா"ன்னு கேட்டா. புது மார்க் போர்ல பின்னாடி ஒரு பித்தானை அமுக்கினாலே மேல்பாகம் கதவு மாதிரி திறந்துக்குதாம், அது நல்லதுதான், சுலபமா இருந்தா ஜனங்க ஒழுங்கா துடைப்பாங்க.

இப்ப நீங்க போடாம விட்ட விஷயம். சின்ன தோட்டா, உதைப்பு இல்லன்னு படிச்ச பசங்க இது விளையாட்டு சாமான்னு நினைச்சுட்டாங்க. அந்த சின்ன தோட்டா ஒரு மைலுக்கு மேல போகும்னு தோட்டாப் பெட்டி மேலயே எச்சரிக்கை போட்டிருக்கு ஐயா. எங்க மாரியம்மன் கோயில் வாசல்லருந்து ஒரு மைல்னா லயம், ஸ்கூல், ஒட்டுக்கடை எல்லாம் அதுக்குள்ள வந்துடும். சத்தம் சின்னதுன்னு காதுக்கு ஒன்னும் போடாம நின்னா காது போயிடும், ஈயத்தூள் கையில ஒட்டும், கையைக் கழுவாம ஒரு பிஸ்கட் கூட தின்னக் கூடாதுன்னு ரேஞ்சுல போர்டு வச்சிருக்கான். சுடும்போது உதைக்கலன்றதால அது அடிச்சா வலிக்காதுன்னு ஆயிடாது. இதைப் போய் பசங்ககிட்ட யாரு சொல்றது?

நம்ம சட்டத்தையும் போட்டிருக்கணும். 1960 ஆயுதச் சட்டப்படி லைசன்ஸ் இல்லாம ஒன்னும் வச்சிருக்க முடியாது, காத்து அடிச்சு சுடுற ஏர் பிஸ்டல் கூட அதுல அடக்கம், ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி பார்சல் வந்துட்டா சரின்னு நினைச்சுக்கிட்டு இருக்கிற பெத்தவங்க நிறைய பேரு இருக்காங்க. 1971ல வந்த துப்பாக்கி தண்டனை சட்டத்துல சட்டவிரோதமா வச்சிருந்தாலே 14 வருஷம் வரைக்கும் ஜெயில், ஆறு பிரம்படிக்கு குறையாது. சுடவே வேணாம், வச்சிருந்தாலே. போன்ல படம் அனுப்பின அந்தப் பசங்களுக்கு இது தெரியுமா? தெரியாது, நான் கேட்டுப் பார்த்துட்டேன்.

ஆனா பயமுறுத்திட்டு மட்டும் விடுறதுல எனக்கு சம்மதம் இல்ல ஐயா, எங்க அப்பா அப்படித்தான் செஞ்சாரு, அவரு பட்டதுக்கு அது சரி, இன்னிக்கு இந்தப் பசங்களுக்கு அது போதாது. ஆசை இருக்கிற பையனுக்கு ஒரு நேர் வழி இருக்கு, அதைப் பத்தி நம்ம பேப்பருங்க எழுதுறதே இல்ல. துப்பாக்கின்னு தலைப்பு வந்தா கொள்ளை, குண்டர் கும்பல், இதான். 2012 லண்டன் ஒலிம்பிக்ல எட்டு மாச கர்ப்பத்தோட நின்னு ஏர் ரைபிள் சுட்டாங்களே நூர் சுர்யானி, அவங்க நம்ம நாட்டுக்காரங்க. 2016 ரியோ ஒலிம்பிக்ல ஜோனதன் வோங் ஏர் பிஸ்டல் சுட்டாரு. 2018 காமன்வெல்த் விளையாட்டுல அலியா சசானா 25 மீட்டர் பிஸ்டல்ல வெண்கலம் எடுத்தாங்க, அந்தப் போட்டி இதே பாயிண்ட் 22 செமி ஆட்டோமேட்டிக் வகையிலதான், 30 குண்டு நிதானமா, 30 குண்டு வேகமா. அந்த வரிசையில ஒரு தோட்டப் பிள்ளை பேரை நான் பார்த்ததில்ல. கை நடுங்காம நிக்கிறதுக்கு பணக்கார வீட்டுப் பிள்ளையா பொறக்கணும்னு இல்ல, வெட்டுக்கத்தி புடிச்சு செம்பனை குலை வெட்டுற குடும்பத்துப் பிள்ளைங்க தோளுக்கு அது வராதா?

அதனால நான் கேட்கிறது ஒன்னே ஒன்னு. அந்தத் துணுக்கு போட்ட அதே இடத்துல, ஞாயித்துக்கிழமையே, ஒரு சுடும் கிளப்புல எப்படி சேர்றது, யாருகிட்ட போறது, பெத்தவங்க என்ன கையெழுத்து போடணும், துப்பாக்கி கிளப்புலயே இருக்கும் வீட்டுக்கு வராதுன்றது, இதையெல்லாம் உங்க நிருபரை விட்டு விசாரிச்சு போடுங்க. வெளிநாட்டுக்காரங்க சொன்ன கருத்தை மொழிபெயர்த்துப் போடுறதை விட அதுக்கு வேலை ஜாஸ்திதான், எனக்குத் தெரியும்.

நான் சும்மா இருக்கல. ஒட்டுக்கடைப் பையன் ஞாயிறு சாயந்திரம் என் வீட்டுக்கு வந்தான், நான் டெக்சாஸ்லருந்து கொண்டு வந்த அந்த பத்து ஓட்டை பேப்பரை அலமாரியிலருந்து எடுத்துக் காட்டினேன், விரலை வச்சு ஒவ்வொரு ஓட்டையா எண்ணினான், வெளிய போன ரெண்டு ஏன் அங்க போச்சுன்னு கேட்டான். நல்ல கேள்வி, அப்பவே அவன் மேல எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு, விசையை அவசரமா இழுத்தேன் தம்பின்னு சொன்னேன். ஒரு கிளப்புக்கு போன் அடிச்சுக் கேட்டேன், பெத்தவங்களோட வந்து பாருங்கன்னு சொல்லியிருக்காங்க. வர்ற சனிக்கிழமை காலைல ஏழு மணிக்கு மார்க்கெட் முன்னாடியிலருந்து கிளம்புறோம், மூணு பசங்க, ரெண்டு அப்பா, ஒரு அம்மா. என் பழைய வேன்ல இன்னும் நாலு இடம் இருக்கு.

இப்படிக்கு,
ரிட்டையர்ட் செம்பனை ஆலை பிட்டர்,
சுங்கை சிப்புட், பேராக்.